வேகத்தடை இல்லாத ரோடு

சந்திரப்பிரபுவின் கார் டிராக்டராகிவிட்டது.

பாலிசியை அவர் மூன்றாவது முறையாகப் படித்துப் பார்த்தார். வண்டி நம்பர் சரி. இன்ஜின் நம்பர் சரி. நிறம் வெள்ளை, அதுவும் சரி. வாகன வகை என்கிற கட்டத்தில் மட்டும் ‘விவசாய டிராக்டர், டிரெய்லர் இல்லாதது’ என்று அச்சாகியிருந்தது.

“என்னங்க ராஜமாணிக்கம் இது?”

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் கேன்டீனில், எதிர் நாற்காலியில் டீயை ஊதிக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ராஜமாணிக்கம் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

“ட்ராக்குக்குத்தானே சார் கேட்டீங்க?”

“ட்ராக்குங்க. டிராக்டர் இல்ல.”

“போன்ல பாதிதான் சார் விழுந்துச்சு. மீதிய நானே போட்டுக்கிட்டேன். நம்ம மாவட்டத்துல ட்ராக்குனு ஆரம்பிச்சா வேற என்ன சார் வரும்?”

சந்திரப்பிரபு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ரேஸ் ட்ராக்கு.”

ராஜமாணிக்கத்துக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடிக்க ஒரு நிமிஷம் ஆனது.

“யாரு சார் ஓட்டப்போறது?”

“நான்தான்.”

மறுபடியும் இருமினார்.

அவர் இருமியதில் தப்பில்லை. சந்திரப்பிரபுவுக்கு வயது ஐம்பத்து நான்கு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். எறும்பு வரிசையாகப் போனால்கூட வண்டியை நிறுத்தி வழிவிடுவார் என்று ஆபீஸில் கிண்டல் பண்ணுவார்கள். கிண்டல்தான், ஆனால் ஒரு தடவை அப்படி நடந்ததும் உண்மை. அவர் கண்காணிப்பாளராக இருக்கும் பிரிவுக்கு வருகிற மனுக்களில் பாதிக்குமேல் வேகத்தடை கேட்டு வருபவை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, ரேஷன் கடைக்கு முன்னால் ஒன்று, தலைவர் வீட்டுக்கு முன்னால் ஒன்று. இருபத்தாறு வருஷமாக எல்லாவற்றுக்கும் குறிப்பெழுதி மேலே அனுப்பியவர் அவர்தான். இப்போது மாவட்டத்தில் எந்தப் பக்கம் காரை விட்டாலும், அவர் எழுதிய கோப்பு ஒன்று அவர் காரின் வயிற்றிலேயே வந்து இடிக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில், போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். ‘உங்கள் சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டுங்கள்.’

மழை பெய்து ஓய்ந்த மாதிரிப் பளபளக்கிற கறுப்பு ரோடு. எதிரே லாரி இல்லை. குறுக்கே மாடு இல்லை. யாரும் யாரையும் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை. ஒரே ஒரு வேகத்தடைகூட இல்லை. ரோடு தன்பாட்டுக்கு வளைந்து, நெளிந்து, ஒரு சுற்றுப் போய், திரும்பவும் தன்னிடமே வந்து சேர்ந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்ற, மேஜைமேல் மனுக்கள் படபடக்க, சந்திரப்பிரபு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எந்தக் கோப்பைத் திறந்தாலும் வரிகளுக்கு நடுவே அந்த ரோடு ஓடியது. குசுமாவதி ஊற்றும் தோசையின் ஓரத்தில்கூட அவருக்கு ஒரு வளைவு தெரிந்தது.

சென்னைக்குப் போகிற வழியில் இருந்தது அந்த ட்ராக். போன் போட்டுக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முக்கால் மணி நேரம். ஹெல்மெட்டை அவர்களே தந்துவிடுவார்கள். ஆனால் சாதாரண இன்சூரன்ஸ் அந்த ரோட்டில் செல்லாது, அந்த ஒரு நாளுக்கென்று தனியாக எடுத்து வரவேண்டும். புதுசாக வருகிறவர் என்றால் பயிற்சியாளர் ஒருவரிடம் பழகிக்கொண்டதற்கு சீல் வைத்த கடிதமும் வேண்டும். அந்தப் பயிற்சியாளரே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும்.

“பண்ணிடலாம் சார். டிராக்டர கேன்சல் பண்ணிட்டு, ட்ராக்குனு தெளிவா எழுதி ஹெட் ஆபீஸுக்கு அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார் ராஜமாணிக்கம்.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது.

“சார், தெளிவா எழுதுனதுதான் தப்பாப் போச்சு. ட்ராக்குன்ன உடனே அவங்க தண்டவாளம்னு நெனச்சுட்டாங்க. தண்டவாளத்துமேல கார் ஓட்டுனா எந்தப் பாலிசியும் கெடையாதாம். ரயில்வே போலீஸுக்குச் சொல்லணுமானு எங்கிட்ட கேக்குறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எங்க சார் ரொம்ப நல்லவரு, அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லனு சொன்னேன். அங்க ஒரு மேடம் அன்பா விசாரிச்சாங்க. ‘வீட்டுல ஏதாவது மனக்கஷ்டமா, யாராவது பக்கத்துல இருந்து பாத்துக்குறாங்களா’னு.”

இன்னும் ஒரு வாரம், இன்னும் ஆறு போன் ஆனது. கடைசியில் ஹெட் ஆபீஸ் விஷயத்தைப் புரிந்துகொண்டது. புரிந்த பிறகுதான் பயந்தது. ஐம்பத்து நாலு வயசுக்காரர், பத்து வருஷப் பழைய கார். ஒரு நாள் பாலிசி கொடுக்கலாம், ஆனால் முறையான டிரைவிங் ஸ்கூலில் நாற்பது நாள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், பயிற்சி கொடுத்தவர் ‘திருப்தி’ என்று கைப்பட எழுதியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

செங்கம் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் புகழேந்தியின் டிரைவிங் ஸ்கூல் இருந்தது. ஒரு மேஜை, ஒரு சீல், ரெண்டு போன். ரெண்டிலும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே புகழேந்தி கேட்டார்:

“ஓட்டத் தெரியுமா சார்?”

“முப்பது வருசமா ஓட்டுறேன்.”

“அப்புறம் எதுக்கு சார் கத்துக்கணும்?”

ரேஸ் ட்ராக் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் கலெக்டர் ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும். சந்திரப்பிரபு பதிலைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார். “சரியா கத்துக்கலையோனு ஒரு சந்தேகம்.”

புகழேந்தி அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “சொந்தக் கார்லயே பழகுறீங்களா? என்ன கலரு?”

“வெள்ளை.”

அதற்குள் இடது கைப் போன் அடித்தது. “ஆமாம்மா, நாளையிலேருந்துதான். காலைல அஞ்சே முக்காலு. பேக்கரி முன்னாடி. வெள்ளைக் காரு, நேரா போய் ஏறி உக்காந்துக்குங்க.” வைத்துவிட்டு இவரிடம் திரும்பினார். “அஞ்சே முக்காலு சார். பேக்கரி முன்னாடி நில்லுங்க. எல்லாம் செட்டாயிடுச்சு.”

மறுநாள் விடிகிற நேரத்தில் பேக்கரியின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. பன் வேகிற வாசனை ரோடு வரைக்கும் வந்தது. கொஞ்சம் தள்ளி, எல் போர்டு மாட்டிய இன்னொரு வெள்ளைக் கார் நின்றது. அதில் ஒருவர் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் சந்திரப்பிரபு.

சரியாக அஞ்சே முக்காலுக்கு அந்தப் பெண் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். சுடிதார், கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு நீள நோட்டு. ஜன்னலில் குனிந்து, “டிரைவிங்?” என்றார்.

“ஆமாங்க.”

ஏறி, பெல்ட்டை மாட்டி, நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். “எம்பேரு தேவிப்ரியா. ஆரம்பிக்கலாமா சார்?”

சந்திரப்பிரபு சாவியைத் திருப்பினார். காரைக் கிரிவலப் பாதைக்கு விட்டார். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர். மலை எப்போதும் வலது பக்கம், ரோடு எப்போதும் அதைச் சுற்றி வளைந்துகொண்டே. சுற்று முடிந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். அந்த விளம்பரத்து ரோட்டுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சொந்தக்காரன் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. மலையின் உச்சியில் மேகம் ஒன்று துவைத்துப் போட்ட வேட்டி மாதிரிக் கிடந்தது. ரோட்டின் ஓரமாக நடப்பவர்கள் பனிக்குள் போய்க் கரைந்தார்கள்.

“இப்ப எதுக்கு சார் கிளட்ச மிதிச்சீங்க?”

சந்திரப்பிரபு திகைத்துப் போனார். முப்பது வருஷமாக மிதிக்கிறார். எதற்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

“வேகத்தடை வருதுங்க. கியர கொறைக்கணும்.”

“கொறைக்கலனா?”

“வண்டி திணறும்.”

“ம்.” நோட்டில் என்னமோ எழுதினார்.

அவ்வளவுதான். அதட்டல் இல்லை, ‘மெதுவா, மெதுவா’ என்கிற கத்தல் இல்லை. கேள்வி மட்டும்தான். “அந்த ஆட்டோ திரும்பும்னு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?” “வளைவுக்கு முன்னாடியே ஏன் பிரேக்க விட்டீங்க?” சந்திரப்பிரபு யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். சொல்லச் சொல்லத்தான் அவருக்கே சில விஷயங்கள் விளங்கின. எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொடுக்காமல், நம் வாயிலிருந்தே வரவழைக்கிறாரே, எப்பேர்ப்பட்ட ஆசிரியை! அவர் கண் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கணம்கூட நகரவில்லை. பார்வையிலேயே ஓட்டுகிறார் என்று வியந்துபோனார் சந்திரப்பிரபு.

முதல் நாள் இறங்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். “எப்படிங்க இருந்துச்சு?”

தேவிப்ரியா கொஞ்சம் யோசித்தார். “இன்னும் கொஞ்ச நாளு பாக்குறேன் சார். அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்.”

அந்தக் கண்டிப்பும் அவருக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே புகழேந்திக்குப் போன் போட்டு, “ரொம்ப நல்லா சொல்லிக்குடுக்குறாங்க” என்றார். “ரைட்டு சார், ரைட்டு சார்” என்றார் புகழேந்தி, இன்னொரு போனுக்கு நடுவில்.

பௌர்ணமியும் ஞாயிறும் விடுமுறை. மற்ற நாளெல்லாம் மலையைச் சுற்றினார்கள். ரெண்டாவது வாரத்தில் எந்த இடத்தில் ரோடு எவ்வளவு வளையும் என்று அவர் கைக்கே தெரிந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் கார் தானாகப் போவது போலவும், தான் அதில் மிதந்து வருவது போலவும் இருந்தது. சில காலைகளில் ரெண்டு பேரும் எதுவுமே பேசவில்லை. மலை மட்டும் மெல்லத் திரும்பித் திரும்பி, தன் ஒவ்வொரு முகத்தையும் காட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில்தான் பிரச்சினை மெல்லக் கிளம்பியது.

மனைவி குசுமாவதியிடம், சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், காலையில் நடக்கப்போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார்.

“நடக்குறதுக்கு எதுக்குங்க காரு?” என்று முதல் நாளே கேட்டாள் அவள்.

“நடக்குற எடம் வரைக்கும் போகணும் இல்ல?”

ஒரு மாசம் கழித்து எடை பார்த்தபோது ரெண்டு கிலோ கூடியிருந்தது. பேக்கரி வாசனையைத் தினமும் முகர்ந்தே கூடியதா, இறங்கி நின்று பன் தின்றதில் கூடியதா என்பதை அவர் விளக்கவில்லை. “நல்லா நடக்குறீங்க” என்றாள் குசுமாவதி.

அடுத்த நாள் பால் பூத்தில் யாரோ அவளிடம் அக்கறையாகச் சொன்னார்கள்: “உங்க வீட்டுக்காரரு தெனமும் ஒரு பொண்ண கார்ல உக்கார வெச்சு மலை சுத்துறாரே, வேண்டுதலா?”

மறுநாள் விடிகாலை சந்திரப்பிரபு காரைத் திறந்தபோது பின் சீட்டில் குசுமாவதி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபிளாஸ்க் இருந்தது.

“நானும் நடக்க வரேன்.”

பேக்கரி வரைக்கும் அவர் காரை ஊர்ந்தபடியே ஓட்டினார். தேவிப்ரியா வந்து ஏறியதும் ஆரம்பித்தார். “இவங்க டிரைவிங்... அதாவது, நாங்க டிரைவிங்...”

“முப்பது வருசமா ஓட்டுறீங்களே, இப்ப எதுக்கு டிரைவிங்?”

“ஆபீஸ்ல புதுசா ஒரு ரூல் வந்திருக்கு” என்றார். அந்தக் கணத்தில் வாயில் வந்தது அதுதான். “மறுபடியும் பழகிச் சர்டிஃபிகேட் வாங்கணுமாம்.”

குசுமாவதி ஃபிளாஸ்க்கிலிருந்து தேவிப்ரியாவுக்குப் பால் ஊற்றிக் கொடுத்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றும் வரைக்கும் ரெண்டு பேரையும் கண்ணாடி வழியாகக் கவனித்தாள். கிளட்ச், கியர், பிரேக் தவிர வேறு எந்தப் பேச்சும் வராததில் அவளுக்கே சலித்துவிட்டது.

“எப்படிம்மா ஓட்டுறாரு இவரு?”

“ரொம்ப நல்லா ஓட்டுறாருங்க. சார்கிட்டேருந்து எவ்ளோ கத்துக்கலாம்!”

எவ்வளவு தன்னடக்கம் என்று நெகிழ்ந்துபோனார் சந்திரப்பிரபு.

பால் பூத்துச் சந்தேகம் அதோடு ஒழிந்தது. ஆனால் குசுமாவதி அந்தச் சர்டிஃபிகேட் சங்கதியைக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் அண்ணன் மகாவீருக்குப் போனில் சொன்னாள். மகாவீர் எதையும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்கிற மனிதர். அவரே நாலு பேரிடம் விசாரித்து, அப்படி ஒரு ரூலே இல்லை என்று கண்டுபிடித்தார். ரூல் இல்லாமல் ஒருத்தர் மறுபடியும் டிரைவிங் பழகுகிறார் என்றால், ஒன்று கண் தெரியவில்லை, இல்லையென்றால் ஞாபகம் போய்விட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது.

ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது. சந்திரப்பிரபு கடைசிக் கவளத்தில் இருந்தபோது மகாவீர் ரெண்டு விரலை நீட்டினார்.

“மாப்ள, இது எத்தன?”

“ரெண்டு.”

“இன்னிக்கு என்ன கெழம?”

“வியாழன். எதுக்கு மச்சான்?”

“சரியாத்தான் சொல்றாரு” என்று தங்கையிடம் வருத்தமாகச் சொன்னார் மகாவீர். “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். எதுக்கும் கார் சாவி எங்கிட்ட இருக்கட்டும். ஒரு மாசம் பாப்போம்.”

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சந்திரப்பிரபு கை கழுவாமலே எழுந்து நின்றார். இருபத்தாறு வருஷமாக யார் எங்கே வேகத்தடை கேட்டாலும் சரி என்று எழுதிக் கொடுத்தவருக்கு, முதல் முறையாக ஒன்றுக்குச் சரி என்று சொல்ல மனசு வரவில்லை.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு மச்சான். ஞாபகமும் இருக்கு. நான் ரேஸ் ட்ராக்குல ஓட்டப்போறேன். ஞாயித்துக்கெழம.”

மகாவீர் தங்கையைப் பார்த்தார். பார்த்தியா, நான் சொல்லலையா என்கிற பார்வை.

சந்திரப்பிரபு நிறுத்தவில்லை. போனில் பார்த்த ரோட்டைச் சொன்னார். அதில் ஒரு மேடுகூட இல்லை என்பதைச் சொன்னார். டிராக்டர், தண்டவாளம், நாற்பது நாள் பயிற்சி எல்லாவற்றையும் சொன்னார். “ஒரே ஒரு தடவை, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம, ஆக்ஸிலேட்டர்லேருந்து கால எடுக்காம போய்ப் பாக்கணும். அவ்ளோதான்.”

குசுமாவதி தட்டை எடுத்தாள். அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

“அந்த ரோட்டக் காட்டுங்க.”

போனை நீட்டினார். அவள் நின்றபடியே பார்த்தாள். ரோடு வளைந்து வளைந்து போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

“அண்ணா, சாவியக் குடுத்துடு” என்றாள். பிறகு புருஷனிடம், “நானும் வரேன். எவ்ளோ வேகமா வேணா ஓட்டுங்க, பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேந்துடணும். சாப்பாடு இருக்குல்ல” என்றாள்.

சனிக்கிழமையோடு பயிற்சி முடிந்தது. பேக்கரி முன்னால் சந்திரப்பிரபு ஒரு காகிதத்தை நீட்டினார். “ஒரு கையெழுத்து வேணும்ங்க. இத்தன நாள் பயிற்சி எப்படினு ஒரு வார்த்தையும் எழுதணும்.”

“நானா எழுதணும்?”

“நீங்கதானே எழுதணும்? உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா?”

“ரொம்பத் திருப்தி சார்” என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார் தேவிப்ரியா. சந்திரப்பிரபுவுக்குக் கண் லேசாகக் கலங்கியது. நேராகப் புகழேந்தியிடம் போனார். அவர் ரெண்டு போனுக்கும் நடுவில், படித்துக்கூடப் பார்க்காமல் சீலைக் குத்தினார். மத்தியானத்துக்குள் ராஜமாணிக்கத்தின் ஒரு நாள் பாலிசி வந்து சேர்ந்தது. வாகன வகை: கார். இடம்: ரேஸ் ட்ராக். அதை ரெண்டு தடவை தடவிப் பார்த்தார்.

காலையில் கையெழுத்து வாங்கும்போதே தேவிப்ரியாவிடம் சொல்லிவிட்டிருந்தார். “நாளைக்கு ட்ராக்குல. நீங்க கட்டாயம் வரணும். எங்க வீட்டுலயும் வராங்க.”

தேவிப்ரியாவின் முகம் வெளுத்தது. “நாளைக்கேவா சார்? எனக்கு இன்னும் அந்த அளவுக்குத் தைரியம் வரலையே.”

“உங்களுக்கே வரலனா எனக்கு எப்படிங்க வரும்?”

“அங்க எட்டு போடணுமா சார்?”

எட்டு வளைவா என்று கேட்கிறார் என்று நினைத்தார் சந்திரப்பிரபு. “எட்டு இல்லைங்க. பன்னெண்டு.”

“பன்னெண்டா!” தேவிப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குசுமாவதி எலுமிச்சம் சாதக் கூடையோடு கேலரியில் போய் உட்கார்ந்தாள். காகிதங்களைப் பார்த்தார்கள், டயரைத் தட்டிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள். தேவிப்ரியா அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “டெஸ்டுக்கு இவ்ளோ பெரிய எடமா?” என்று அவர் ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தது யாருக்கும் கேட்கவில்லை. கொடி அசைந்தது.

முதல் சுற்றில் சந்திரப்பிரபுவின் கால் பிரேக்கிலேயே இருந்தது. இதோ வரப்போகிறது, இந்த வளைவுக்குப் பிறகு கட்டாயம் ஒன்று வரும் என்று கால் காத்திருந்தது. வரவில்லை. ரெண்டாவது சுற்றிலும் வரவில்லை. இருபத்தாறு வருஷத்துக் கால் அதை நம்ப மறுத்தது.

மூன்றாவது சுற்றில் நம்பியது.

அதற்குப் பிறகு நடந்ததை அவரால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இன்ஜின் சத்தம் ஒரு இடத்துக்கு மேல் சத்தமாக இல்லாமல் வெறும் நடுக்கமாகி, அதுவும் அடங்கி, எங்கோ தூரத்தில் யாரோ தம்பூரா மீட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. ரோடு வருவதாகத் தெரியவில்லை. அவருக்குள்ளிருந்தே அது பிரிந்து பிரிந்து முன்னால் விழுந்துகொண்டிருந்தது. வளைவு வரும், கை திரும்பும். வானம் ஒரு பக்கம் சாயும், நிமிரும். வெயில் கண்ணாடியில் வந்து உட்கார்ந்து, கூடவே கொஞ்ச தூரம் வந்து, இறங்கிப் போகும். மீட்டரை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நோட்டு பறந்து பின் சீட்டில் போய் விழுந்ததும் அவருக்குத் தெரியாது. கேள்வி மட்டும் கேட்டது, ரொம்ப மெல்லிய குரலில்.

“இப்ப ஏன் சார் பிரேக்கே போடல?”

“தேவையே இல்லைங்க.”

“ம்.”

கொடி காட்டி உள்ளே கூப்பிட்டபோதுதான் முக்கால் மணி நேரம் முடிந்தது தெரிந்தது. காரை நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். மூடிய கண்ணுக்குள் வெறும் இருட்டுதான் இருந்தது, ரோடு இல்லை. அதைத்தான் முழுசாக ஓட்டி முடித்தாயிற்றே.

குசுமாவதி கேலரியிலிருந்து வேகவேகமாக இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. புருஷனின் தோளைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கம் கதவைத் திறந்து, ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்த தேவிப்ரியாவுக்கு உதவினாள்.

சந்திரப்பிரபு கண்ணைத் திறந்தார். இத்தனை நாளும் தானாக ஒரு பாராட்டு வார்த்தைகூடச் சொல்லாத ஆசிரியை. ‘இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன்’ என்று சொன்னவர். இன்றைக்காவது சொல்வாரா என்று அந்த முகத்தையே பார்த்தார்.

“சொல்லும்மா, எப்படி? எங்க வீட்டுக்காரரு பாஸாயிட்டாரா?” என்று கேட்டாள் குசுமாவதி.

கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டே தேவிப்ரியா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாஸ்டர் எதுக்குங்க பாஸாகணும்? எல்.எல்.ஆர். எடுத்துட்டு டிரைவிங் கத்துக்க வந்தவ நானு. நாப்பது நாளா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், இன்னிக்கு டெஸ்டுலயாவது ஸ்டியரிங்க எங்கைல குடுக்கச் சொல்லுங்க!”